பீரோ நிறையச் சட்டை, உடுத்த ஒன்றுமில்லை!

நோன்பின் கடைசிப் பத்து வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரு காட்சி ஆண்டுதோறும் தவறுவதில்லை. முதற் பத்தில் பள்ளிவாசலின் வாசற்படிவரை நிரம்பி நின்ற தராவீஹ் வரிசைகள் மெல்லக் குறைகின்றன. அதே இரவுகளில் துணிக்கடைத் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க இயலுவதில்லை. இதைக் கண்டித்துப் பேசாத மேடை இல்லை, எழுதாத பேனா இல்லை. ஆனால் அந்தக் கண்டனத்தை எப்போதும் யாரை நோக்கி வீசுகிறோம்? பெண்களை நோக்கி. அவர்களுடைய சேலையையும் சுடிதாரையும் கல் பதித்த புர்காவையும் நோக்கி. பேசுகிற ஆண்களாகிய நம் பீரோவை ஒருவரும் திறந்து பார்ப்பதில்லை.

இன்று அதைத் திறப்போம்.

மேல் தட்டில் அடுக்கி வைத்த சட்டைகளை எண்ணுங்கள். நடுத்தர வருவாயுள்ள குடும்பத் தலைவர் ஒருவரிடம் முப்பது, நாற்பது என்று இருந்தால் அது வியப்பன்று. அவற்றுள் கடந்த ஒரு மாதத்தில் உடலில் ஏறியவை எத்தனை? ஆறோ ஏழோ இருக்கும். அந்த ஆறையே துவைத்துத் துவைத்துத் தேய்த்து உடுத்துகிறோம். மற்றவை காலர் மஞ்சளேறி, மடிப்பில் கோடு விழுந்து, பாச்சா உருண்டையின் வாடையோடு கிடக்கின்றன. ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் பீரோ முன் நின்று, “உடுத்துவதற்கு ஒன்றுமில்லையே” என்று மனைவியிடம் குறைப்படுகிறோம்.

அந்தக் குறையில் பொய் இல்லை. உடுத்தத் தக்கது உண்மையிலேயே அங்கு ஒன்றும் இல்லை. ஏனெனில் அந்தக் குவியலில் நாம் தேர்ந்தெடுத்தவை சில மட்டுமே. மற்றவை தாமாக வந்து சேர்ந்தவை.

எப்படி வந்து சேர்ந்தன?

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பலகையைப் பார்த்து வாங்கியவை ஒரு பங்கு. அந்த இலவசத்துக்காகவே, பிடிக்காத நிறத்தையும் பொருந்தாத அளவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் மச்சான்மார் அன்போடு கொண்டுவந்த சட்டை பிட்டுகள் இன்னொரு பங்கு. கைக்கு வழுவழுப்பாகவும் கண்ணுக்குப் பளபளப்பாகவும் இருக்கும் அந்தத் துணியைத் தைத்து உடுத்தினால் சித்திரை வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். கொடுத்தவர் மனம் நோகக் கூடாதே என்று ஒருமுறை உடுத்திக் காட்டிவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

மூன்றாவது பங்குதான் நமக்கு வெட்கத்தைத் தர வேண்டியது. அவை கல்யாண ‘செட்’ சட்டைகள். மணமகனின் சகோதரர்கள், சாச்சா மக்கள், மாமி மக்கள், நண்பர்கள் என்று பன்னிரண்டு பேர் ஒரே நிறத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். நிக்காஹுக்கு ஒரு நிறம், வலீமாவுக்கு வேறு நிறம். சட்டை ஒன்று 1,200 ரூபாய் எனக் கொள்வோம். பன்னிரண்டு பேருக்கு இரண்டு நிறம் என்றால் 28,800 ரூபாய். கத்தரிப்பூ நிறமும் மாந்தளிர் நிறமுமாக மின்னும் அச்சட்டைகளை அலுவலகத்துக்கு உடுத்த முடியாது. ஜும்ஆவுக்கு உடுத்தக் கூச்சம். அடுத்த கல்யாணத்துக்கோ வேறு நிறம் முடிவாகியிருக்கும். ஒரே ஒரு புகைப்படத்துக்காக நெய்யப்பட்ட சட்டை அது.

இதில் பணம் உள்ளவருக்கு இழப்பு பணம் மட்டுமே. இல்லாதவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். “எல்லாரும் எடுத்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் இன்னும் எடுக்கவில்லை?” என்று கேட்கப்படும் தம்பி, மாதச் சம்பளத்தில் கடன் வாங்கி எடுக்கிறான், அல்லது உடல்நலமில்லை என்று சொல்லிக் கல்யாணத்துக்கே வராமல் இருந்துவிடுகிறான். சொந்த அண்ணனின் நிக்காஹில் தம்பியை வாசலுக்கு வெளியே நிறுத்தும் ஒரு வழக்கத்தை அழகு என்று அழைக்க நமக்கு எப்படி மனம் வருகிறது?

பெருநாள் சுன்னத்து எது?

“பெருநாளுக்குப் புத்தாடை உடுத்துவது சுன்னத்து அல்லவா?” என்று கேட்பவர்கள் உண்டு. பெருநாளுக்கு அழகாக உடுத்துவது நல்ல வழக்கமே. ஆனால் மார்க்க அறிஞர்கள் சொல்வது, இருப்பவற்றுள் சிறந்ததை உடுத்துங்கள் என்பதாகும். இருப்பவற்றுள் சிறந்தது என்பதைப் புதிதாக வாங்கியது என்று மாற்றிப் பொருள் கொண்டவர்கள் நாமே. கடைத்தெருவில் விற்பனைக்கு வந்த பட்டு அங்கியை, பெருநாளுக்கும் தூதுக்குழுவினரைச் சந்திக்கவும் வாங்கிக்கொள்ளலாமே என்று உமர் (ரலி) அவர்கள் எடுத்துவந்தபோது, அண்ணலார் (ஸல்) அவர்கள் அதை ஏற்கவில்லை என்ற செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது. மறுத்தது பட்டு என்பதால். அழகு என்பதால் அன்று. அழகுக்கு அங்கே தடை இல்லை. எந்தத் துணி என்ற கேள்வி மட்டும் இருந்தது.

அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. நிறம் பார்க்கிறோம், விலை பார்க்கிறோம், கடையின் பெயர் பார்க்கிறோம். துணி எது, நெசவு எது, எத்தனை துவைப்புத் தாங்கும் என்று பார்ப்பதில்லை. நம் முன்னோர் அப்படி இருக்கவில்லை. சோழமண்டலக் கரையிலிருந்து கீழை நாடுகளுக்குக் கப்பலில் துணி ஏற்றி வணிகம் செய்த மரக்காயர்களின் வழிவந்தவர்கள் நாம். விரல் நுனியால் தடவியே நூலின் தரம் சொன்ன சமுதாயத்தின் பிள்ளைகள், சட்டையின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு சீட்டைக்கூடப் படிக்காமல் வாங்குகிறோம்.

துணியைக் கேளுங்கள்

படித்துப் பார்த்தால் பல சட்டைகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் என்றிருக்கும். இயல்பான ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி இழை தன் எடையில் ஏறக்குறைய 8.5 விழுக்காடு ஈரத்தை உள்வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 விழுக்காடுதான். நம் கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்த வேறுபாடு உடலுக்கு உடனே தெரிந்துவிடும். வியர்வை வெளியேற வழியின்றித் துணிக்கும் தோலுக்கும் இடையே தேங்கி நாற்றம் எடுக்கும். வெங்காயமும் பூண்டும் தின்ற வாயோடு பள்ளிவாசலுக்கு வருவதைத் தவிர்க்கச் சொல்லப்பட்ட நாம், பக்கத்தில் நிற்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் சட்டையோடு வரிசையில் நிற்கிறோம்.

சீட்டின் மீது நம்பிக்கை இல்லையெனில் ஓர் எளிய சோதனை உண்டு. சட்டையின் உள்தையலில் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து மென்மையான சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாகத் திரளும்.

‘சுருங்காது, தேய்க்கத் தேவையில்லை’ என்று விற்கப்படும் பருத்திச் சட்டைகளைப் பற்றியும் ஒரு சொல். பருத்தி இயல்பில் சுருங்கும். அதைச் சுருங்காமல் நிறுத்தப் பிசின் வகை வேதிப்பொருளை ஏற்றிச் சூட்டில் பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதப்படுத்தல் இழையை வலுவிழக்கச் செய்கிறது. தேய்க்கும் வேலை மிச்சமாகும், சட்டையின் ஆயுள் குறையும். இரண்டையும் அறிந்து வாங்குவது வேறு, விளம்பரத்தைப் பார்த்து வாங்குவது வேறு.

நெசவில் அன்றாடச் சட்டைக்கு மூன்றை அறிந்தால் போதும். பாவும் ஊடையும் ஒன்று விட்டு ஒன்றாக நெருக்கமாய்ப் பின்னுவது பாப்ளின். மெல்லியது, வழுவழுப்பானது, வெயிலுக்கு ஏற்றது, எளிதில் கசங்கும். சாய்கோடு ஓடும் நெசவு ட்வில். சற்றுக் கனமானது, மடிப்பு விழுந்தாலும் விரைவில் நேராகும், வெள்ளை நிறத்திலும் உடல் தெரியாது. இழைகளை இணையிணையாக வைத்துக் கூடைபோல் பின்னுவது ஆக்ஸ்ஃபோர்டு. தடிப்பானது, நீண்ட நாள் உழைப்பது. இவை போக, ஆளி நாரில் நெய்த லினன் ஒன்று உண்டு. காற்றை விடும், விரைவில் உலரும். ஆனால் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கும். அந்தக் கசங்கலோடு உடுத்தத் துணிந்தவருக்கே அது.

நூலின் எண்ணையும் கேளுங்கள். ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை என்பதே அந்த எண். 40 என்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம் நூல். எண் ஏற ஏற நூல் மெலிகிறது, துணி வழுவழுப்பாகிறது, விலையும் ஏறுகிறது. ஆனால் வலிமை ஏறுவதில்லை. அன்றாட உழைப்புக்கு 40 முதல் 60 வரையிலான நூலே போதுமானது. அதற்கு மேல் போகிறவர்கள் இரட்டைப் புரியாக முறுக்கிய நூலா என்று கேட்டு வாங்கட்டும். எண் பெரியது என்பதற்காகவே பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

தொழுகைக்கு இணங்காத சட்டை

துணிக்குப் பின் தையல். இங்கேதான் நம் இளைஞர்களோடு நமக்கு வழக்கு உள்ளது.

உடலைப் பிடித்துத் தைத்த குட்டைச் சட்டையோடு, இடுப்புக்குக் கீழே இறங்கி நிற்கும் கால்சட்டையை உடுத்திப் பள்ளிக்கு வருகிறார்கள். நிற்கும்போது கண்ணியமாகத்தான் இருக்கிறது. ருகூவில் குனிந்ததும் சட்டை மேலேறுகிறது. ஸஜ்தாவில் இடுப்பின் கீழ்ப்பகுதி வெளியே தெரிகிறது. தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது மறைக்கப்பட வேண்டிய பகுதி என்பது மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதிய பாடம். தொழுகையின் செல்லுபடியே கேள்விக்குள்ளாகும் இடம் இது. பின்வரிசையில் நிற்பவர் கண்ணை எங்கே வைப்பது என்று தவிக்கிறார். சட்டையின் முதுகில் அச்சிட்ட வாசகமும் உருவமும் இருந்துவிட்டால் அவருடைய தவிப்பு இருமடங்கு.

அடுத்து கை. ஒளூவில் முழங்கை வரை கழுவ வேண்டும். கஃபில் கெட்டியான பக்ரம் ஒட்டி, மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கும் முழுக்கைச் சட்டையைச் சுருட்டினால் முழங்கைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. ஒன்று, சட்டை நனைகிறது. இல்லையேல், முழங்கை நனையாமல் போகிறது. நாளில் ஐந்து வேளை நாம் செய்யும் செயலுக்கு ஒத்துவராத ஆடையை நமக்கு யார் தைத்தது? நம்மை எண்ணிப் பாராத ஒருவர் எங்கோ வரைந்த அளவு அது. அதைக் குறை கூறாமல் வாங்கியவர்கள் நாம்.

தீர்வு நம் தெருமுனையிலேயே தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். உங்களுக்கு மிகவும் பொருந்தும் ஒரே ஒரு சட்டையை அளவுச் சட்டையாக அவரிடம் கொடுங்கள். நீளத்தில் இரண்டு அங்குலம் கூட்டச் சொல்லுங்கள். முதுகில் மடிப்பு வைத்துக் கைவீச்சுக்கு இடம் விடச் சொல்லுங்கள். கஃபைத் தளர்வாக வைத்து இரண்டு காஜா எடுக்கச் சொல்லுங்கள். ஒட்டும் பசையில் விட்ட காசை மிச்சம் பிடித்த காலர், சில துவைப்பிலேயே கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நல்ல பக்ரம் வைக்கச் சொல்லுங்கள். காலர் ஒரே வகை, பை ஒன்று, பொத்தான் வெள்ளை. 58 அங்குல அகலத் துணி என்றால் முழுக்கைச் சட்டைக்கு ஏறத்தாழ 1.60 மீட்டர் போதும். மிஞ்சிய துண்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். காலர் தேய்ந்தால் அதைப் பிரித்துத் திருப்பித் தைப்பது நம் வாப்பாமார் காலத்தில் இயல்பான வழக்கம். சட்டையின் ஆயுள் அதனால் கூடியது, தையற்காரரின் அடுப்பும் எரிந்தது.

எட்டுச் சட்டை

எத்தனை போதும் என்று கேட்பீர்கள். கணக்குப் போடுவோம். வாரத்தில் ஆறு நாள் வேலை, இரண்டு முறை துவைப்பு. ஒரு துவைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நான்கு சட்டைகள் அழுக்காகும். துவைத்தவை உலர்ந்து தேய்த்து வரும்வரை கைக்கு இரண்டு வேண்டும். ஜும்ஆவுக்கு ஒன்று. கல்யாணம், பெருநாள், பயணம் என்ற வேளைகளுக்கு ஒன்று. ஆக எட்டு.

நான்கு வெள்ளை, மூன்று இளநீலம், ஒன்று மெல்லிய கோடு. இவற்றில் எதை எடுத்தாலும் உங்களிடமுள்ள எந்தக் கால்சட்டையோடும் கைலியோடும் பொருந்தும். காலையில் பீரோ முன் நின்று யோசிக்க வேண்டியதில்லை. வெண்ணிறத்தை அண்ணலார் (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தார்கள் என்பதை நாம் அறிவோம். வெள்ளையில் அழுக்கு மறையாது என்பதும் ஒரு நன்மையே. அது நம்மைத் துவைக்க வைக்கும்.

விலையையும் கணக்கிடுவோம். 600 ரூபாய்ச் சட்டை 30 முறை உடுத்தியதும் நைந்துவிட்டால், ஒருமுறைக்கு 20 ரூபாய். 1,500 ரூபாய்ச் சட்டை 125 முறை உழைத்தால், ஒருமுறைக்கு 12 ரூபாய். ஒரே ஒருமுறை உடுத்திய 1,200 ரூபாய்ச் செட் சட்டைக்கு, ஒருமுறைக்கு 1,200 ரூபாய். நம்மில் யார் செலவாளி, யார் சிக்கனக்காரர் என்பதைக் கடைப் பட்டியல் சொல்லாது, இந்த வகுத்தல் சொல்லும்.

மறுப்புகளும் விடையும்

“அல்லாஹ் அழகன், அழகை விரும்புகிறவன் என்றல்லவா நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?” என்று ஒருவர் கேட்கலாம். ஆம். நல்ல ஆடையை விரும்புவது பெருமையா என்று கேட்கப்பட்டபோதுதான் அந்த விளக்கம் தரப்பட்டது. உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்றும் அதே இடத்தில் சொல்லப்பட்டது. நல்ல துணியில், அளவாகத் தைத்து, சுத்தமாகத் தேய்த்த எட்டுச் சட்டைகள் அழகில் எதிலும் குறைந்தவை அல்ல. கந்தலை உடுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. நாற்பது சட்டைகள் வைத்திருப்பவரைவிட நல்ல எட்டு வைத்திருப்பவர் நாள்தோறும் அழகாகவே தெரிவார்.

“நம் சமுதாயத்தில் துணிக்கடை வைத்துப் பிழைப்பவர் எத்தனையோ பேர், அவர்கள் வயிற்றில் அடிக்கிறீர்களே?” என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. வாங்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. நல்லதைக் குறைவாக வாங்குங்கள் என்கிறோம். தரமான துணியை அதன் தன்மையை மறைக்காமல் எடுத்துச் சொல்லி விற்கும் வணிகர் இதனால் நலிய மாட்டார். பாலியஸ்டரைப் பருத்தி என்று சொல்லி விற்பவர் நலியட்டும். குறையை மறைத்து விற்பதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்று அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

“என் பணம், என் சட்டை” என்பவருக்கும் ஒரு விடை உண்டு. சட்டை உங்களோடு முடிந்துவிடுவதில்லை. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்ததால், பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. வேளாண்மை இழந்த உழவரும் வேலை இழந்த தொழிலாளியுமாக இருபுறமும் துன்பப்பட்டது ஏழைகளே. நாம் ஒருமுறை உடுத்திக் கழற்றிய கத்தரிப்பூ நிறத்துக்கும் எங்கோ ஓர் ஆறு விலை கொடுத்திருக்கிறது. ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்ற சமுதாயம் இதை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

அதைவிட நெருக்கமான விலை ஒன்று நம் வீட்டிலேயே உண்டு. நாற்பது சட்டைகளையும் துவைப்பவர் யார், உலர்த்துபவர் யார், இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் நிற்பவர் யார்? உம்மாவும் மனைவியும் மகளும்தான். நோன்பு நாளில் சஹருக்கும் இஃப்தாருக்கும் அடுப்படியில் நின்றவர்களே பெருநாள் காலையில் நம் சட்டைக்கு மடிப்புக் கலையாமல் தேய்த்தும் தர வேண்டும். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்ற செய்தியைப் பயானில் கேட்டு, “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, “சட்டை இன்னும் தேய்க்கவில்லையா?” என்று குரல் உயர்த்துகிறோம். எட்டுச் சட்டை என்றால் அவற்றை நாமே தேய்த்துக்கொள்ளலாம். அதையும் சேர்த்தே சொல்கிறோம்.

என்ன செய்யலாம்?

வருகிற வெள்ளிக்கிழமைக்கு முன் பீரோவைக் காலி செய்யுங்கள். உடுத்துகிற எட்டை எடுத்து வையுங்கள். மீதியில் நல்லவற்றைத் துவைத்து, பொத்தான் விட்டுப் போயிருந்தால் தைத்து, தேய்த்துக் கொடுங்கள். கிழிந்ததையும் கறை படிந்ததையும் மூட்டை கட்டிப் பள்ளிவாசல் வாசலில் போட்டுவிட்டு ஸதகா என்று பெயர் வைக்காதீர்கள். நமக்கு யாரேனும் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்குவோமா என்ற ஒரே அளவுகோல் போதும். நைந்தவை வீட்டில் துடைப்பதற்கு உதவும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஆடம்பர விருந்தைப் பற்றியும் வரதட்சணையைப் பற்றியும் பேசும் மேடைகளில் செட் சட்டையைப் பற்றியும் பேசுங்கள். “நிக்காஹுக்கு வருபவர்கள் தம்மிடமுள்ள வெள்ளைச் சட்டையோடு வாருங்கள்” என்று மணவீட்டார் ஒரு சொல் சொன்னால் போதும். பன்னிரண்டு பேரும் ஒரே நிறத்தில் நிற்பார்கள். படமும் அழகாக இருக்கும். ஒரு ரூபாயும் செலவாகாது. வாசலுக்கு வெளியே நின்ற அந்தத் தம்பியும் உள்ளே வந்துவிடுவான்.

நமக்கென்று ஒரு வெள்ளைப் பருத்தித் துணி எங்கோ நெய்யப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதில் காலர் இல்லை, காஜா இல்லை, எந்தக் கடையின் பெயரும் இல்லை. அதை உடுத்தும் நாள் வருமுன் மீதமுள்ள நாள்களுக்கு எட்டுச் சட்டை போதாதா என்பதே நம் கேள்வி. போதுமென்ற மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.